கதிர்வீச்சும் எதிர்ப்பணுக்களும்: தாவரங்கள் தரக்கூடிய காப்பு



கதிர்வீச்சு நம் உடலின் நோய் எதிர்ப்பு அணுக்களை எப்படி அழிக்கிறது, தாவரங்களிலிருந்து பிரித்தெடுத்த வேதிப்பொருள்களால் அந்த அழிவை எந்த அளவுக்குத் தடுக்க முடியும் என்பதைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். இந்தத் துறையில் எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக ஆராய்ச்சி நடந்துவருகிறது. இந்திய ஆய்வுக்கூடங்களின் பங்கு அதில் பெரியது. சிதம்பரத்துக்கும் அதில் ஓர் இடம் உண்டு. என் கருத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்த ஆராய்ச்சி அணுகுண்டுப் பயத்தில் பிறந்து வளர்ந்தது. ஆனால் அது போய்ச் சேரவேண்டிய இடம் புற்றுநோய் மருத்துவமனை. நம் ஊர் நோயாளிகள் "கரண்ட் வைக்கிறார்கள்" என்று சொல்வார்களே, அந்தக் கதிர்வீச்சுச் சிகிச்சை அறை. அந்த அறையின் வாசல்வரைகூட அது இன்னும் வந்து சேரவில்லை. ஏன் வரவில்லை, எப்படி வரலாம் என்பதுதான் இந்த உரை.

முதலில், பாதிக்கப்படும் அணுவைப் பற்றிச் சொல்லவேண்டும்.

ரோண்ட்கன் 1895-ல் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். அடுத்த பதினோரு ஆண்டுகளுக்குள், 1906-ல், பெர்கோனியே, ட்ரிபோந்தோ என்ற இரண்டு பிரெஞ்சு ஆய்வாளர்கள் ஒரு விதியை வகுத்தார்கள். வேகமாகப் பிளவுறும் செல்களும், இன்னும் முதிர்ச்சி அடையாத செல்களும்தான் கதிருக்கு எளிதில் பலியாகும் என்பது அந்த விதி. எலும்பு மஜ்ஜைக்கும் குடலின் உட்படலத்துக்கும் முடியின் வேருக்கும் இது நன்றாகப் பொருந்துகிறது. இரத்தத்தில் ஓடும் லிம்போசைட் என்ற வெள்ளையணுவுக்கு மட்டும் பொருந்தவே இல்லை. லிம்போசைட் முதிர்ந்த செல். கிருமி வந்து தட்டி எழுப்பும்வரை பிளவுபடாமல், மாதக்கணக்கில், சில வகைகள் ஆண்டுக்கணக்கில், ஓய்வாகவே இருக்கும். விதிப்படி பார்த்தால் கதிரைத் தாங்கி நிற்க வேண்டும். நடப்பில் முதலில் சாவதே அதுதான். மற்ற பல செல்கள் ஒன்றிரண்டு முறை பிளவுபட முயன்று தோற்ற பிறகே இறக்கின்றன. லிம்போசைட் பிளவுக்காகக் காத்திருப்பதில்லை. சில மணி நேரத்தில் தன்னைத் தானே அழித்துக்கொள்கிறது.

இந்தத் தற்கொலைக்குக் கட்டளை இடுவது பி53 என்ற புரதம். 1993-ல் நேச்சர் இதழில் இரண்டு குழுக்கள் தனித்தனியே ஒரே செய்தியை வெளியிட்டன. பி53 மரபணு நீக்கப்பட்ட எலிகளின் தைமஸ் செல்கள், சாதாரண எலிகளின் செல்களைக் கொல்லும் கதிரளவைப் பட்டும் உயிரோடு இருந்தன. ஆக, கதிர் நேராக லிம்போசைட்டைக் கொல்வதில்லை. கதிர் மரபுப் பொருளை உடைக்கிறது. உடைந்ததை அறிந்த செல் தன் முடிவைத் தானே எடுக்கிறது. இதில் ஒரு நியாயமும் இருப்பதாக எனக்குப் படுகிறது. ஒரு லிம்போசைட் விழித்தால் ஆயிரக்கணக்காகப் பெருகும் ஆற்றல் உடையது. உடைந்த குரோமோசோமோடு அது பெருகினால் விளைவது இரத்தப் புற்று. அந்த ஆபத்தை ஏற்பதைவிட அந்தச் செல்லை இழந்துவிடுவதே உடலுக்கு மேல். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். "காப்பாற்றுவது" என்று நாம் சொல்லும்போது உடைப்பைத் தடுத்துக் காப்பாற்றுவது வேறு, உடைந்த செல்லைச் சாகவிடாமல் தடுப்பது வேறு. முன்னது நன்மை. பின்னதைப் பற்றி எனக்கு அச்சம் உண்டு.

எல்லா எதிர்ப்பணுக்களும் ஒரே அளவில் நலிவதில்லை. பி லிம்போசைட்டுகள் முதலில் விழும். இதுவரை எந்தக் கிருமியையும் சந்திக்காத டி லிம்போசைட்டுகள் அடுத்து. பழைய தொற்றை நினைவில் வைத்திருக்கும் டி செல்கள் சற்றுத் தாக்குப்பிடிக்கும். எதிர்ப்புரதம் சுரக்கும் பிளாஸ்மா செல்லும், கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜும் கெட்டியானவை.

1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபிலில் அணு உலை வெடித்தபோது, மருத்துவர்களுக்கு முதலில் தேவைப்பட்டது யார் எவ்வளவு கதிர் பட்டிருக்கிறார் என்ற கணக்கு. அளவு காட்டும் கருவிகள் பலரிடம் இல்லை, இருந்தவையும் போதவில்லை. முதல் ஒன்றிரண்டு நாளில் லிம்போசைட் எண்ணிக்கை எவ்வளவு வேகமாகச் சரிகிறது என்பதை வைத்தே பட்ட கதிரை மதிப்பிட்டார்கள். 134 பேருக்குக் கடும் கதிர்நோய் உறுதியானது. அவர்களில் 28 பேர் முதல் சில மாதங்களில் இறந்தார்கள். மருத்துவ உதவி இல்லாத நிலையில் உடல் முழுவதும் ஏறத்தாழ 4 கிரே (கிரே என்பது கதிரை அளக்கும் அலகு) கதிர் பட்டால் பாதிப் பேர் இரண்டு மாதத்துக்குள் இறப்பார்கள் என்பது பொதுவான மதிப்பீடு. அந்தச் சாவுக்குப் பெரும்பாலும் காரணம் மஜ்ஜை அழிந்து, எதிர்ப்பணுக்கள் இல்லாமல் போய், தொற்றும் இரத்தக் கசிவும் வருவதுதான். நம் நாட்டிலும் 2010-ல் டெல்லி மாயாபுரியில், கழிவென்று விற்கப்பட்ட பழைய கருவி ஒன்றிலிருந்த கோபால்ட்-60 வெளிப்பட்டு ஒருவர் இறந்தார், பலர் பாதிக்கப்பட்டார்கள்.

இனி, கதிர் உள்ளே என்ன செய்கிறது என்று பார்ப்போம். செல்லில் பெரும்பகுதி நீர். காமாக் கதிர் அந்த நீரைப் பிளக்கிறது. பிளவில் ஹைட்ராக்சில் ரேடிக்கல் என்ற துகள் பிறக்கிறது. அதன் ஆயுள் சில நானோ விநாடி. அது செல்லும் தொலைவு சில நானோமீட்டர். அதற்குள் எதிர்ப்பட்டதைத் தாக்கிவிடும். எக்ஸ் கதிரும் காமாக் கதிரும் டி.என்.ஏ.வுக்குச் செய்யும் சேதத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இந்த வழியாகத்தான் நேர்கிறது. ஒரு செல்லில் 1 கிரே கதிர் பட்டால் சுமார் 1,000 ஒற்றை இழை அறுப்புகளும், 40 அளவில் இரட்டை இழை அறுப்புகளும் உண்டாகும். ஒற்றை அறுப்பைச் செல் எளிதில் ஒட்டிவிடும். இரட்டை அறுப்புதான் உயிரைக் கேட்கும்.

காப்பு மருந்து என்ற எண்ணம் பிறந்தது இந்த வேதியியலிலிருந்துதான். ரேடிக்கலைப் பிடித்து அடக்கும் ஒரு பொருள், கதிர் படும் நேரத்தில், டி.என்.ஏ.வுக்கு அருகிலேயே இருந்தால் சேதம் குறையும். 1949-ல் அமெரிக்காவில் ஹார்வி பாட் என்பவர் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தை எலிகளுக்கு முன்கூட்டியே கொடுத்து, கொல்லும் அளவு எக்ஸ் கதிரிலிருந்து அவற்றில் பலவற்றைப் பிழைக்க வைத்தார். அதே ஆண்டில் சிகாகோவில் லியோன் ஜேக்கப்சன், எலியின் மண்ணீரலை மட்டும் ஈயத்தால் மறைத்துவிட்டுக் கதிர் செலுத்தினார். அந்த எலிகளும் பிழைத்தன. இரண்டு சோதனையையும் சேர்த்துப் பார்த்தால், எதிர்ப்பணுக்களும் அவற்றை உருவாக்கும் மூலசெல்களும் பிழைத்தால் உயிரே பிழைக்கும் என்பது தெளிவாகிறது.

பிறகு அமெரிக்க ராணுவம் இறங்கியது. வால்ட்டர் ரீட் ஆய்வு நிறுவனம் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட சேர்மங்களைச் சோதித்தது. அவற்றில் தேறியது அமிஃபோஸ்டின். இன்றும், கதிருக்கு முன் கொடுத்துச் சாதாரணத் திசுவைக் காக்க அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புக்கொண்ட மருந்து என்றால் முதலில் இதைத்தான் சொல்லவேண்டும். தலை, கழுத்துப் புற்றுக்குக் கதிர் வைக்கும்போது வாய் உலராமல் இருக்க 1999-ல் ஒப்புதல் கிடைத்தது. இதை நரம்பில் ஏற்றவேண்டும். குமட்டல், வாந்தி, இரத்த அழுத்தம் திடீரென்று சரிவது ஆகியவை உண்டு. ஒவ்வொரு நாளும் முப்பது நாள் இந்த வேதனையைத் தாங்குவது எளிதன்று. தாவரங்களை நோக்கி ஆய்வாளர்கள் திரும்பியதற்கு இந்த நச்சுத்தன்மை பெரிய காரணம்.

இந்தியாவில் மூன்று நான்கு இடங்களில் இந்த வேலை ஊன்றி நடந்தது. மணிப்பாலில் உமா தேவி குழுவினர் துளசியிலிருந்து ஓரியன்டின், வைசனின் என்ற இரண்டு ஃபிளேவனாய்டுகளைப் பிரித்தெடுத்தார்கள். எலியின் உடல் எடையில் கிலோவுக்கு 50 மைக்ரோகிராம் என்ற மிகச் சிறிய அளவிலேயே அவை மஜ்ஜையைக் காத்தன. மனித லிம்போசைட்டுகளின் குரோமோசோம் உடைவையும் சோதனைக்குழாயில் குறைத்தன. அதே மணிப்பாலில் ஜகேதியா என்பவர் வில்வம், நாவல், இஞ்சி, புதினா என்று அடுத்தடுத்துச் சோதித்தார். டெல்லியில் பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையின் அணு மருத்துவ நிறுவனமான இன்மாஸ், இமயமலைச் செடிகளை எடுத்துக்கொண்டது. அவற்றில் போடோஃபில்லம் என்ற செடி வியப்பூட்டுவது. அதன் வேரில் இருக்கும் போடோஃபில்லோடாக்சின் செல் பிளவை நிறுத்தும் நஞ்சு. அதைத் திருத்தி உருவாக்கியதுதான் ஈடோபோசைட் என்ற புற்றுநோய் மருந்து. அதே செடியின் சாறு, சரியான அளவில் முன்கூட்டிக் கொடுத்தால், கொல்லும் கதிரிலிருந்து எலிகளைக் காத்தது. கொஞ்சம் கூடினால் நஞ்சு, குறைந்தால் பயனில்லை. மூலிகை என்றாலே தீங்கில்லை என்று நம்புகிறவர்கள் இந்த ஒரு செடியைப் பற்றித் தெரிந்துகொண்டால் போதும்.

சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் துறை. அங்கு வி. பி. மேனன், என். ராஜேந்திர பிரசாத், எம். சீனிவாசன் முதலியோர் 2005, 2006 ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகளைப் பற்றி நான் சற்று விரிவாகப் பேச விரும்புகிறேன். அவர்கள் எலியை விட்டுவிட்டு நேராக மனித லிம்போசைட்டை எடுத்துக்கொண்டார்கள். தேர்ந்த பொருள்களும் நம் சமையலறையைச் சேர்ந்தவை: மஞ்சளின் குர்குமின், அரிசித் தவிட்டில் இருக்கும் ஃபெருலிக் அமிலம், எள்ளைச் சேர்ந்த செசமால். எள்ளில் செசமாலின் என்ற பொருள் இருக்கிறது. எள்ளை வறுக்கும்போதும் எண்ணெயைச் சூடாக்கும்போதும் அது சிதைந்து செசமாலாகிறது. நல்லெண்ணெய் மற்ற எண்ணெய்களைப்போல் எளிதில் காறிப்போகாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சோதனை இப்படி. நலமாக உள்ள ஒருவரின் இரத்தத்திலிருந்து லிம்போசைட்டுகளைப் பிரிக்கவேண்டும். மில்லிலிட்டருக்கு 1, 5, 10 மைக்ரோகிராம் என்ற அளவுகளில் சேர்மத்தைக் கலக்கவேண்டும். அரை மணி நேரம் விடவேண்டும், செல்லுக்குள் போய்ச் சேர்வதற்காக. பிறகு 4 கிரே வரை காமாக் கதிர். அதன்பின் செல்களைப் பிளவுபட வைத்துக் குரோமோசோம்களைப் பார்க்கவேண்டும். ஓய்வில் இருக்கும் லிம்போசைட்டைப் பிளவுபட வைப்பது எப்படி? பீன்ஸ் விதையிலிருந்து எடுக்கும் ஃபைட்டோஹீமக்ளூட்டினின் என்ற புரதத்தால். 1960-ல் பீட்டர் நோவெல் கண்ட உண்மை இது. உலகெங்கும் கதிர் விபத்தில் சிக்கியவர்களின் இரத்தத்தை இன்றும் இந்தத் தாவரப் புரதத்தைக் கொண்டுதான் சோதிக்கிறார்கள். கதிர் பட்டு உடைந்த இரண்டு குரோமோசோம்கள் தவறாக ஒட்டிக்கொண்டால் இரண்டு மையங்கள் உடைய ஒரு குரோமோசோம் உருவாகும். நுண்ணோக்கியில் அது பிசகில்லாமல் தெரியும். அதை எண்ணிவிட்டால் பட்ட கதிரையும் சொல்லலாம், கொடுத்த காப்பையும் சொல்லலாம்.

சிதம்பரம் ஆய்வுகளில் கதிரளவு கூடக்கூட இந்த உடைவுகளும், கொழுப்புப் படலச் சேதமும் கூடின. செல்லின் சொந்தக் காப்பு நொதிகள் குறைந்தன. சேர்மத்தை முன்கூட்டிக் கலந்த செல்களில் உடைவு குறைந்தது, நொதிகள் மீண்டன. 10 மைக்ரோகிராம் அளவில் காப்பு நன்றாகத் தெரிந்தது. பெரிய பொருட்செலவு இல்லாமல், ஒரு மாநிலப் பல்கலைக்கழகத் துறையில், மனித அணுவிலேயே செய்து காட்டிய இந்த வேலையை நான் மதிக்கிறேன். உலக இதழ்களில் அது வந்தது; உலகெங்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. நம் ஊர்க்காரர்கள் பலருக்கு அது தெரியாது என்பது எனக்கு வருத்தம்.

ரேடிக்கலைப் பிடிப்பது மட்டுமே தாவரப் பொருள்களின் வேலை என்று நெடுநாள் கருதப்பட்டது. அது முழு உண்மை அன்று. சில நானோ விநாடி வாழும் ரேடிக்கலை, செல்லில் ஏற்கெனவே மிகுந்திருக்கும் குளுட்டத்தயோன் என்ற காப்புப் பொருள் முதலியவற்றோடு போட்டியிட்டுப் பிடிக்க, வெளியிலிருந்து வரும் பொருள் ஏராளமாக இருக்கவேண்டும். சிறு அளவிலேயே பயன் தெரிகிறது என்றால் வேறு வழியும் இருக்கவேண்டும். அந்த வழிகள் இப்போது ஓரளவு தெளிவாகியிருக்கின்றன. செல்லில் என்.ஆர்.எஃப்.2 என்ற புரதம் உண்டு. சாதாரணமாக அதை இன்னொரு புரதம் கட்டிப்போட்டிருக்கும். பல தாவரப் பொருள்கள், செல்லுக்குச் சற்று உறுத்தலாக இருப்பதாலேயே, அந்தக் கட்டை அவிழ்க்கின்றன. அது உட்கருவுக்குள் சென்று காப்பு நொதிகளுக்குரிய மரபணுக்களை எழுப்புகிறது. மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் லிம்போசைட்டுகளை வைத்து இந்த வழியை நுணுக்கமாக ஆராய்ந்திருக்கிறார்கள். அரிசித் தவிட்டு எண்ணெயிலும் பனையெண்ணெயிலும் இருக்கும் காமா டோகோட்ரையீனால் இன்னும் வேறு விதம். எலிக்குக் கதிருக்கு ஒரு நாள் முன்பு ஊசியாகப் போட்டால், அது மஜ்ஜையைத் தூண்டும் ஜி-சி.எஸ்.எஃப். என்ற சுரப்பை உடலிலேயே கூட்டுகிறது. அந்தச் சுரப்பை எதிர்ப்புரதத்தால் தடுத்துவிட்டால் காப்பும் மறைகிறது. அதாவது காத்தது ஆக்சிஜனேற்றத் தடுப்பு மட்டும் அன்று, மஜ்ஜையின் மறுமலர்ச்சி. முட்டைக்கோசு இனத்திலிருந்து கிடைக்கும் டி.ஐ.எம். என்ற சேர்மத்தை 2013-ல் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தார் சோதித்தபோது, கதிர் பட்டு 24 மணி நேரம் கழித்துக் கொடுத்தும் எலிகளில் பல பிழைத்தன. அது டி.என்.ஏ. பழுதுபார்ப்பைத் தூண்டுகிறது என்றார்கள். எலியில் வளர்த்த மனித மார்பகப் புற்றுக்கட்டியை அது காக்கவில்லை என்பதையும் காட்டினார்கள். இந்தக் கடைசி வரிதான் எனக்கு மிக முக்கியம்.

இனி, கசப்பான கணக்கு ஒன்று. குழாயில் பயன் தந்த 10 மைக்ரோகிராம் குர்குமின் என்பது சுமார் 27 மைக்ரோமோலார். மனித இரத்தத்தில் அந்த அளவு வருமா? 2001-ல் தைவானில் நாளொன்றுக்கு 8 கிராம் தூய குர்குமின் கொடுத்துப் பார்த்தார்கள். இரத்தத்தில் உச்ச அளவு சராசரியாக 1.77 மைக்ரோமோலார். தேவையில் பதினைந்தில் ஒரு பங்கு. மஞ்சள் தூளில் குர்குமின் 3 விழுக்காடு அளவில்தான் இருக்கிறது. 8 கிராம் குர்குமினுக்குக் கால் கிலோவுக்கு மேல் மஞ்சள் தூள் தின்னவேண்டும். ரசத்திலும் குழம்பிலும் போடும் மஞ்சள் எதிர்ப்பணுக்களைக் கதிரிலிருந்து காக்கும் என்று சொல்வதற்கு எந்த ஆதாரமும் இல்லை. மிளகு சேர்த்தால் கூடுமே என்பீர்கள். உண்மைதான், 1998-ல் பெங்களூரில் செய்த ஆய்வில், மிளகின் பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்தபோது குர்குமின் இரத்தத்தில் சேர்வது இருபது மடங்கு கூடியது. ஆனால் பைப்பரின் அதைச் செய்வது குடலும் கல்லீரலும் பொருள்களைக் கழிக்கும் வேலையை மந்தப்படுத்தி. கீமோ மருந்து எடுத்துக்கொண்டிருப்பவருக்கு அந்த மருந்தின் அளவையும் அது மாற்றக்கூடும்.

மனிதரில் செய்த பெரிய சோதனையின் கதையையும் சொல்லவேண்டும். அமெரிக்காவில் மார்பகப் புற்றுக்குக் கதிர் வைத்துக்கொண்ட 30 பெண்களுக்கு நாளுக்கு 6 கிராம் குர்குமின் கொடுத்த சிறு சோதனையில் தோல் புண் குறைந்தது என்று 2013-ல் செய்தி வந்தது. அதே குழுவினர் 686 பேரைச் சேர்த்து மறுபடி செய்தார்கள். 2018-ல் வெளியான முடிவு: குறிப்பிடத்தக்க பயன் இல்லை. இது தோலைப் பற்றிய சோதனை, லிம்போசைட்டைப் பற்றியது அன்று. ஆனால் சிறு சோதனையின் நம்பிக்கை பெரிய சோதனையில் நிற்காமல் போகலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டாம்.

பயனில்லாமல் போவது ஒரு பக்கம். தீங்காவது இன்னொரு பக்கம். கனடாவின் கியூபெக் மாநிலத்தில் தலை, கழுத்துப் புற்றுக்குக் கதிர் பெற்ற 540 பேரில் ஒரு பாதியினருக்கு வைட்டமின் இ-யும், தொடக்கத்தில் பீட்டா கரோட்டினும் கொடுத்தார்கள். பக்க விளைவுகள் குறைந்தன என்று 2005-ல் தெரிந்தது. ஆனால் மாத்திரை பெற்றவர்களிடம் புற்று திரும்பி வருவதும் கூடுதலாகத் தெரிந்தது. அடுத்த ஆண்டு வெளியான கணக்கில் அவர்களிடையே சாவும் கூடியிருந்தது. திசுவைக் காத்த பொருள் கட்டியையும் காத்திருக்கலாம் என்ற ஐயம் அன்றிலிருந்து மருத்துவர்களை விட்டு அகலவில்லை, அகலவும் கூடாது. மூலிகையே தீங்காகலாம் என்பதற்குச் சீந்தில் கொடி ஓர் எடுத்துக்காட்டு. கதிர்க் காப்பிலும் அதற்கு ஆய்வுகள் உண்டு. கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று பலர் கஷாயமாகவும் மாத்திரையாகவும் எடுத்தார்கள். 2021-ல் மும்பை மருத்துவர்களும், அடுத்த ஆண்டில் பல நகர மருத்துவர்கள் சேர்ந்தும், அதனால் கல்லீரல் பாதிக்கப்பட்ட நோயாளிகளைப் பதிவுசெய்தார்கள். அது வேறு இனச் சீந்தில் என்று ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. எந்த இனம் என்று வாங்குகிறவருக்குத் தெரியாத நிலையே ஓர் ஆபத்து என்பது என் எண்ணம்.

இவ்வளவு எச்சரிக்கைக்குப் பிறகும் இந்த ஆராய்ச்சி புற்றுநோய்ச் சிகிச்சைக்கு வரவேண்டும் என்று நான் ஏன் கேட்கிறேன்?

அணு விபத்து எப்போது நேரும் என்று யாருக்கும் தெரியாது. முன்கூட்டியே எடுக்கவேண்டிய மருந்து அங்கே பெரும்பாலும் பயன்படாது. மீட்புப் பணிக்குப் போகிறவர்களுக்கு மட்டும் உதவலாம். கதிர்வீச்சுச் சிகிச்சையில் நிலைமை நேர்மாறு. எந்த நாள், எத்தனை மணி, எத்தனை கிரே என்பது எல்லாமே முன்கூட்டித் தெரியும். லிம்போசைட்டின் இழப்பும் அங்கே கண்கூடு. மூளையில் வரும் கிளையோபிளாஸ்டோமா என்ற புற்றுக்கு வழக்கமாக 2 கிரே வீதம் 30 நாளில் 60 கிரே தருவார்கள். கதிர் படுவது தலையில் ஒரு சிறு பகுதி மட்டுமே. ஆனால் இரத்தம் அங்கே ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒரு நாள் சிகிச்சையில் ஓடும் இரத்தத்தில் 5 விழுக்காட்டுக்கு அரை கிரே படுகிறது. முப்பதாவது நாள் முடியும்போது 99 விழுக்காடு இரத்தமும் அரை கிரேயாவது பட்டிருக்கும் என்று 2013-ல் ஆய்வாளர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். லிம்போசைட்டுக்கு அரை கிரே சிறிய அளவன்று. ஜான்ஸ் ஹாப்கின்ஸின் ஸ்டூவர்ட் கிராஸ்மேன் முதலியோர் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், இந்தச் சிகிச்சை தொடங்கி இரண்டு மாதத்தில் 40 விழுக்காடு நோயாளிகளின் சி.டி.4 என்ற வகை டி லிம்போசைட்டுகள் 200-க்குக் கீழே போயிருந்தன. எய்ட்ஸ் நோயில் நாம் அபாயம் என்று சொல்லும் எல்லை அது. அப்படிச் சரிந்தவர்களின் இடைநிலை ஆயுள் 13.1 மாதம்; சரியாதவர்களுக்கு 19.7 மாதம். கூடவே கொடுத்த டெமோசோலமைடு மருந்துக்கும் ஸ்டீராய்டுக்கும் இதில் பங்கு உண்டு. எல்லாப் பழியையும் கதிர்மேல் போட முடியாது. ஆனாலும் இழப்பு இழப்புதான். இன்று டி லிம்போசைட்டைத் தட்டி எழுப்பிப் புற்றைத் தாக்க வைக்கும் புதிய மருந்துகள் வந்துவிட்டன. லட்சக்கணக்கில் விலை கொடுத்து அந்த மருந்தை வாங்கும் நோயாளியின் உடலில் எழுப்புவதற்கு லிம்போசைட்டே இல்லாவிட்டால் என்ன பயன்?

இங்கே ஒரு வாய்ப்பு தெரிகிறது. கட்டிக்குப் போவது 60 கிரே. ஓடும் இரத்தத்துக்குப் போவது அரையும் காலுமாகச் சிதறிய சிறு அளவுகள். நாம் காக்க நினைப்பது இரத்தத்தை. சிறு கதிரளவில் உண்டாகும் உடைவைக் குறைக்கும் சேர்மம், 60 கிரே வாங்கும் கட்டியைக் காப்பாற்றும் அளவுக்கு வலுவாக இருக்கவேண்டியதில்லை. இது என் ஊகம்; சோதித்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். சோதிக்கும் வழி மிகவும் எளியது. நலமான தன்னார்வலர்களுக்கு, அளவும் தூய்மையும் உறுதிசெய்யப்பட்ட ஒரு சேர்மத்தைக் கொடுங்கள். கொடுக்கும் முன்பும், கொடுத்தபின் சில மணி நேர இடைவெளிகளிலும் இரத்தம் எடுங்கள். இரத்தத்தில் சேர்மம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அளவிடுங்கள். அந்த இரத்தத்துக்குக் குழாயில் அரை கிரேயும் ஒரு கிரேயும் கதிர் கொடுத்து, இரட்டை மையக் குரோமோசோம்களை எண்ணுங்கள். மனிதர் யார்மேலும் கதிர் படவேண்டியதில்லை. வாயால் உண்ட பொருள் மனித லிம்போசைட்டைக் காக்கிறதா இல்லையா என்று நேரடியாகத் தெரிந்துவிடும். காக்கிறது என்றால் அடுத்த படி, கட்டி உள்ள எலிகளில் நாளுக்கு 2 கிரே வீதம் சிகிச்சை முறையிலேயே கதிர் கொடுத்து, கட்டி பிழைக்கிறதா என்று பார்ப்பது. அதையும் தாண்டினால்தான் நோயாளியிடம் வரவேண்டும்.

நம்மிடம் குழாய்ச் சோதனைகள் குவிந்திருக்கின்றன. எலிச் சோதனைகளும் குவிந்திருக்கின்றன. புதிதாக ஒரு செடியை எடுத்து, அதே அளவுகளில், அதே நொதிகளை அளந்து இன்னொரு கட்டுரை எழுதுவதால் இனிப் பயனில்லை. இளம் ஆய்வாளர்களிடம் நான் இதைக் கடுமையாகவே சொல்கிறேன். நூறாவது செடி வேண்டாம். செசமாலையோ ஃபெருலிக் அமிலத்தையோ ஓரியன்டினையோ எடுத்து, மேலே சொன்ன இரத்தச் சோதனையைச் செய்யுங்கள். எதிர்மறை முடிவு வந்தால் அதையும் வெளியிடுங்கள்.

கதிர்வீச்சுச் சிகிச்சைத் துறை மருத்துவர்களிடம் ஒரு வேண்டுகோள். வாரந்தோறும் இரத்த எண்ணிக்கை எடுக்கிறீர்கள். அதில் மொத்த வெள்ளையணு எண்ணிக்கையோடு லிம்போசைட்டின் தனி எண்ணிக்கையையும் ஒவ்வொரு நோயாளியின் ஏட்டிலும் எழுதி வையுங்கள். கூடுதல் செலவு எதுவும் இல்லை. நம் நோயாளிகளுக்கு நேரும் இழப்பு எவ்வளவு என்றே தெரியாதவரை காப்பைப் பற்றிப் பேசுவதற்கு அடிப்படையே கிடையாது.

நோயாளிகளுக்கும் குடும்பத்தாருக்கும் கடைசியாக ஒன்று. கரண்ட் வைக்கும் நாள்களில் சாப்பாட்டில் மஞ்சளையும் மிளகையும் எள்ளையும் வழக்கம்போலச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதில் தயக்கம் வேண்டாம். ஆனால் மூலிகைச் சாறு, கேப்சூல், லேகியம், எதிர்ப்புச் சக்தி மாத்திரை என்று எதை எடுப்பதாக இருந்தாலும் சிகிச்சை தரும் மருத்துவரிடம் முதலில் சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தால் அடுத்த முறை போகும்போது அந்தப் புட்டியையே கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.